சிக்மா, டாம்ரான் மாட்டினால் கேமரா கெட்டுப்போகுமா?

சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், கோயில் திருவிழா எடுக்கும் தம்பிகளிடையே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: "சிக்மா, டாம்ரான் மாதிரி வேறு கம்பெனி ஸூம் லென்ஸ் மாட்டினால் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) எரிந்துவிடும், வாரண்டியும் போய்விடும்." இரண்டுமே தவறு.

சென்சார் எரிவது கேமராவைச் சூரியன், லேசர் போன்ற கடும் ஒளியை நோக்கி நேராக வைத்திருந்தால்தான். அது கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸிலும் நடக்கும். வாரண்டியும் லென்ஸ் மாட்டியதாலேயே ரத்தாவதில்லை. அந்த லென்ஸால்தான் பழுது வந்தது என்றால், அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்ய மறுக்கலாம். அவ்வளவுதான்.

சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் திருட்டுச் சரக்கும் அல்ல. சோனி 2011இல் தன் இ-மவுண்ட்டின் (கேமராவில் லென்ஸ் பொருத்தும் அமைப்பு) அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டது. டாம்ரானில் சோனிக்குப் பங்கே இருக்கிறது! கேனனும் 2024இல் தன் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு ஏபிஎஸ்-சி (சிறிய அளவு சென்சாருக்கான) லென்ஸ் செய்ய இந்த இரு நிறுவனங்களுக்கும் உரிமம் தந்தது.

வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. சோனி ஏ1 கேமரா சொந்த லென்ஸில் நொடிக்கு 30 படம் வரை எடுக்கும். வேறு லென்ஸில் 15தான். தீமிதிக்கு அதுவே தாராளம். பறவை எடுப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம். கேனனின் பழைய இஎஃப் மவுண்ட்டுக்கான சிக்மா லென்ஸை அடாப்டர் (இடை இணைப்பு வளையம்) வைத்து கேனன் மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) போடுபவர்கள், கேமராவின் லென்ஸ் திருத்த அமைப்புகளை (லென்ஸின் குறைகளைக் கேமராவே சரிசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் கோளாறு தெரியலாம். அதைப் பார்த்துத்தான் சிலர் சென்சார் போச்சு என்று பயந்துவிடுகிறார்கள்.