வெள்ளிக்கிழமை சர்ஜரி

மாமா: பாவம் மாப்பிள்ளை, உங்க எம்.பி.க்கு என்ன வியாதி?

மாப்பிள்ளை: வியாதியா? நல்லாத்தானே இருக்கார் மாமா. நேத்துகூட ரோட்டுல ஒரு பள்ளத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு, விரலை நீட்டிக் காட்டி, படம் எடுத்துப் போட்டிருக்கார்.

மாமா: இந்த லெட்டர்ல, போன வெள்ளிக்கிழமை சர்ஜரின்னு எழுதியிருக்கார். வர்ற வெள்ளிக்கிழமையும் சர்ஜரியாம். வாரா வாரம் அறுத்தா மனுஷ உடம்பு தாங்குமா?

மாப்பிள்ளை: ஐயோ மாமா, தொகுதி ஜனங்களை உக்கார வெச்சுக் குறை கேக்கிறதுக்கு இங்க பேரே சர்ஜரிதான்.

மாமா: அப்ப முந்தாநாள் என் முட்டி வலிக்கு, 'சர்ஜரிக்குப் போன் பண்றேன்'னீங்களே?

மாப்பிள்ளை: அது டாக்டர் கிளினிக். அதுக்கும் சர்ஜரின்னுதான் பேரு.

மாமா: நான் ராத்திரி பூரா தூங்கலை. பாஸ்புக் பீரோவுல எந்தத் தட்டுல இருக்குன்னு ஊருக்குப் போன் போட்டு உங்க அத்தைக்குச் சொல்லிட்டேன். சரி, கத்தி வெச்சு அறுக்கிறதுக்கு என்ன பேரு?

மாப்பிள்ளை: அதுவும் சர்ஜரிதான்.

மாமா: உலகத்துக்கே இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த தேசத்துல இப்படி ஒரு வார்த்தைப் பஞ்சமா? எங்க கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பேரைக் கேட்டாலே உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்.

மாப்பிள்ளை: குறை தீருமா மாமா?

மாமா: நான் பேரைத்தான் சொன்னேன்.

(மாமா 33 வருடம் மனுக்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர், ஆறு மாத விசாவில் இங்கிலாந்தில் இருக்கும் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளை, கன்சர்வேட்டிவ் எம்.பி.யின் வாரக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை காலை அச்செடுத்து, அடிக்கோடு போட்டுப் படிப்பவர். எந்தத் தொகுதி என்று நான் எழுதினால் அடுத்த விருந்துக்கு எனக்கு இலை விழாது.)

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாம முழுசாப் படிங்க மாமா. இங்க எம்.பி.ன்னா என்ன உழைப்பு தெரியுமா? திங்கக்கிழமை ரயிலேறி வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமென்ட்டுக்குப் போறார். 2.30 மணிக்குச் சபை கூடுது.

மாமா: மத்தியானம் ரெண்டரைக்கா? எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு அரைநாள் லீவு.

மாப்பிள்ளை: செவ்வாய்க்கிழமை காலையில பதினொண்ணரைக்கே கூடிடும். அன்னைக்கு நிதி மசோதா. கொறடா அனுப்பற தாள்ல மூணு கோடு போட்டிருந்தா, எங்க இருந்தாலும் வந்து கட்சி சொல்றபடி ஓட்டுப் போட்டே ஆகணும்.

மாமா: மேல, 'மனசாட்சிப்படி வாக்களித்தேன்'னு இருக்கே?

மாப்பிள்ளை: அதுவும்தான்.

மாமா: மூணு கோடு போட்ட மனசாட்சி. சரி, மேல சொல்லுங்க.

மாப்பிள்ளை: மணி அடிச்சதும் எட்டு நிமிஷம். அதுக்குள்ள லாபிக்குள்ள போயிடணும், அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க. ஆமாங்கிறவங்க ஒரு பக்கம், இல்லைங்கிறவங்க ஒரு பக்கம். நடந்து போய்த்தான் ஓட்டு. ஓடியே போயிருக்கார் மாமா, எழுதியிருக்கார்.

மாமா: 2024 தேர்தல்ல இவங்க எத்தனை பேர் ஜெயிச்சாங்க?

மாப்பிள்ளை: 121.

மாமா: எதிர்ல?

மாப்பிள்ளை: லேபர் 411.

மாமா: தோக்கிறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஓடணும்? மெதுவா நடந்தாலே தோக்கலாமே.

மாப்பிள்ளை: புதன்கிழமையைப் பாருங்க. பிரதமர் கேள்வி நேரம். பகல் 12 மணிக்கு, அரை மணி நேரம். சபையில 650 எம்.பி., உக்கார இடம் 427 பேருக்குத்தான். அதனால காலையில சீக்கிரமே போய், பேர் எழுதின அட்டையை இருக்கையில வெச்சுட்டு வரணும். பிரார்த்தனை அட்டைன்னு பேரு. அட்டை வெச்சவர் பிரார்த்தனைக்கும் வந்தாகணும், அப்பத்தான் இடம் அவருக்கு.

மாமா: துண்டு.

மாப்பிள்ளை: என்ன மாமா?

மாமா: துண்டு மாப்பிள்ளை. ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கிறதைப் பார்த்து, 'நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க'ன்னு போன தடவை ஊர்ல வந்து பஸ் ஸ்டாண்டுல என்னைத் திட்டினீங்களே, அதே துண்டு. இங்க அட்டையில செஞ்சிருக்காங்க. சரி, இடம் பிடிச்சாரே, என்ன கேட்டார்?

மாப்பிள்ளை: கேக்க முயற்சி பண்ணியிருக்கார். ஒவ்வொரு கேள்வி முடிஞ்சதும் எழுந்து நிப்பாங்க மாமா, சபாநாயகர் கண்ல பட்டாக் கூப்பிடுவார். படலைன்னா உக்காந்துடணும். மறுபடி எழுந்திரிக்கணும்.

மாமா: இவர் பட்டாரா?

மாப்பிள்ளை: இந்த வாரம் படலை.

மாமா: போன வாரம்?

மாப்பிள்ளை: படலை. ஆனா எழுந்திரிச்சார்.

மாமா: நம்ம ஊர்ல இதுக்குத் தோப்புக்கரணம்னு பேரு. பிள்ளையாருக்குப் போட்டா படிப்பாவது வரும். சம்பளம் எவ்வளவு?

மாப்பிள்ளை: 2025 ஏப்ரல்ல 93,904 பவுண்ட் ஆச்சு, வருஷத்துக்கு.

மாமா: ஒரு எழுந்திரிப்புக்கு எவ்வளவு விழுதுன்னு கணக்குப் போடுங்க. நான் முட்டி வலியோட நாள் பூரா இந்த சோபாவுல அதைத்தான் பண்றேன், ஒரு பைசா வரலை.

மாப்பிள்ளை: உங்களுக்கு எல்லாமே கேலி. வியாழக்கிழமை நிழல் நிதியமைச்சர் கூட ஆலோசனை நடத்தியிருக்கார். எதிர்க்கட்சியில ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிழல் அமைச்சர் உண்டு.

மாமா: எங்க எம்.பி.யும் நிழல் எம்.பி.தான். வருஷத்துக்கு அஞ்சு கோடி தொகுதி நிதி. அதுல பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப் நிழற்குடை கட்டுவார். குடையைவிட அவர் பேர் எழுதின பலகை பெருசா இருக்கும். இருந்தாலும் மழைக்கு ஒதுங்கலாம். உங்க நிழல் அமைச்சருக்குக் கீழ ஒதுங்க முடியுமா?

மாப்பிள்ளை: இங்க தொகுதி நிதின்னு ஒண்ணு கிடையாது மாமா.

மாமா: அப்ப அந்தப் பள்ளத்தை யாரு மூடுவா?

மாப்பிள்ளை: அது கவுன்சில் வேலை.

மாமா: இவர்?

மாப்பிள்ளை: இவர் கவனத்துக்குக் கொண்டுவருவார்.

மாமா: யார் கவனத்துக்கு? தினம் அதுல வண்டியை விட்டு எழுப்பறவங்க கவனத்துக்கா?

மாப்பிள்ளை: விடுங்க. ரெண்டாம் பக்கத்தைப் படிங்க, பொருளாதாரம் பத்தி எழுதியிருக்கார். இதுக்காகத்தான் நான் இவருக்கு ஓட்டுப் போட்டேன். 'நாட்டு வரவுசெலவும் வீட்டு வரவுசெலவு மாதிரிதான். வரவுக்குள்ள செலவு பண்ணணும். வரி குறைஞ்சாத்தான் வளர்ச்சி.' எவ்வளவு எளிமையா சொல்லியிருக்கார் பாருங்க.

மாமா: நல்லாத்தான் சொல்லியிருக்கார். வீடுன்னே வெச்சுக்குவோம். 2010-லேர்ந்து 2024 வரைக்கும் இந்த வீட்டுச் சாவிக்கொத்து யார் இடுப்புல இருந்தது?

மாப்பிள்ளை: இவங்க கட்சி இடுப்புலதான்.

மாமா: சாவி கைக்கு வந்தப்போ கடன் எவ்வளவு?

மாப்பிள்ளை: சுமாரா ஒரு லட்சம் கோடி பவுண்ட்.

மாமா: சாவியைத் திருப்பிக் குடுத்தப்போ?

மாப்பிள்ளை: ரெண்டே முக்கால் லட்சம் கோடி கிட்ட. ஆனா நடுவுல கொரோனா வந்துதே மாமா! வேலையில்லாம வீட்டுல உக்காந்தவங்க சம்பளத்துல 80 சதவீதத்தை அரசாங்கமே குடுத்தது. எங்க கம்பெனியில பாதிப் பேர் அதுலதான் பொழைச்சாங்க.

மாமா: நல்ல காரியம். நான் தப்புன்னா சொன்னேன்? வீட்டுல ஒருத்தர் படுத்துட்டா கடன் வாங்கித்தான் ஆகணும். அதை இந்த லெட்டர்ல எழுதலாமில்ல? இவர் வாங்கினா அவசரம், அடுத்தவன் வாங்கினா ஊதாரித்தனமா?

மாப்பிள்ளை: வரி விஷயத்துல அப்படிச் சொல்ல முடியாது. ஊழியருக்காக முதலாளி கட்டற தேசிய காப்பீட்டை 13.8-லேர்ந்து 15 சதவீதமா ஏத்தினது லேபர்தான். 2025 ஏப்ரல். எங்க ஆபீஸ்ல அதோட புது ஆள் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க.

மாமா: அது இடிதான், ஒத்துக்கிறேன். இந்த 12,570 பவுண்ட் கணக்கு என்னது? உங்க பே-ஸ்லிப்பைப் பார்த்துட்டுப் பொண்ணு புலம்பிட்டிருந்தா.

மாப்பிள்ளை: வருஷ வருமானத்துல முதல் 12,570-க்கு வரி கிடையாது. விலைவாசிக்குத் தகுந்த மாதிரி அந்த வரம்பு ஏறணும். 2021-லேர்ந்து அசையவே இல்லை.

மாமா: அசையாம நிறுத்தினது யாரு?

மாப்பிள்ளை: இவங்கதான். ஆனா இப்ப இருக்கிறவங்களும் 2031 வரைக்கும் அதை நீட்டிட்டாங்க!

மாமா: ரெண்டு பேருக்கும் ஒரே ஐஸ் பெட்டி. எங்க தெருமுனை ஹோட்டல்காரன் பத்து வருஷமா விலையே ஏத்தலைன்னு போர்டு வெச்சிருப்பான். இட்லியைப் பார்த்தா பொத்தான் சைஸுல இருக்கும். அவன்தான் உங்களுக்கு நிதியமைச்சரா வந்திருக்கான்.

மாப்பிள்ளை: வரியைக் குறைச்சாத்தான் நாடு வளரும்ங்கிற கொள்கையில என்ன மாமா தப்பு?

மாமா: கொள்கையை நான் எதுக்குக் குத்தம் சொல்லப்போறேன்? 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி எனக்கு ஞாபகம் இருக்கு. கொள்கையை அன்னைக்கு நடைமுறைப்படுத்தினாங்க.

மாப்பிள்ளை: ம்.

மாமா: 4,500 கோடி பவுண்ட் வரிக் குறைப்பு. அந்தப் பணத்துக்கு வழி என்னன்னு ஒரு வரிகூட இல்லை. பவுண்ட் தரையில விழுந்தது. பேங்க்காரன் வீட்டுக் கடன் திட்டத்தையெல்லாம் ராத்திரியோட ராத்திரியா மடிச்சு உள்ள வெச்சுட்டான். 49 நாள் பிரதமரா இருந்துட்டு அந்த லிஸ் டிரஸ் அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்த வாரம் உங்க எம்.பி. இந்த லெட்டர்ல என்ன எழுதினார்?

மாப்பிள்ளை: 'துணிச்சலான பட்ஜெட், வரவேற்கிறேன்'னு.

மாமா: நாலு வாரம் கழிச்சு?

மாப்பிள்ளை: 'இப்போதைய தேவை நிதானம்'னு.

மாமா: உங்க வீட்டுக் கடன் வட்டி?

மாப்பிள்ளை: வட்டி உலகம் பூரா ஏறுச்சு மாமா.

மாமா: நான் உலகத்தைக் கேக்கலை.

மாப்பிள்ளை: ரெண்டுக்குக் கீழ இருந்தது. 2023-ல புதுப்பிச்சப்போ அஞ்சரை.

மாமா: பால்கனிக்குக் கண்ணாடி போடறேன்னீங்க, போடலை. பொண்ணு சனிக்கிழமையும் வேலைக்குப் போறா. நீங்க வரவுக்குள்ளதான் செலவு பண்றீங்க மாப்பிள்ளை. இந்த வீட்டுல இதைக் கத்துக்க வேண்டியவங்க யாரும் இல்லை.

(இந்த இடத்தில் மாப்பிள்ளை எழுந்து போய்க் காபி போட்டார். யாரும் கேட்கவில்லை.)

மாப்பிள்ளை: நீங்க நினைக்கிற மாதிரி அவர் கண்டுக்காத ஆள் இல்லை. வட்டி ஏறினப்போ நானே அவருக்கு எழுதினேன். பதில் வந்தது. கையெழுத்துப் போட்டு.

மாமா: என்னன்னு?

மாப்பிள்ளை: 'உங்கள் கவலையை நானும் உணர்கிறேன். தங்கள் கடிதத்தைக் கருவூலத்துக்கு அனுப்பிவைத்துள்ளேன்.'

மாமா: 'மனு, உரிய மேல் நடவடிக்கைக்காக இத்துடன் அனுப்பலாகிறது.'

மாப்பிள்ளை: ஆமா, கிட்டத்தட்ட அதேதான். எப்படிச் சொன்னீங்க?

மாமா: 33 வருஷம் நான் எழுதின வாக்கியம் மாப்பிள்ளை அது. மேல ந.க. எண், கீழ 'நகல்: மனுதாரருக்கு'. கருவூலம் என்ன சொன்னது?

மாப்பிள்ளை: அவங்களும் பதில் போட்டாங்க. வட்டியை நிர்ணயிக்கிறது பேங்க் ஆஃப் இங்கிலாந்தாம், அரசாங்கம் தலையிட முடியாதாம்.

மாமா: பள்ளம் கவுன்சில் வேலை, வட்டி பேங்க் வேலை. எழுந்து உக்காரறது இவர் வேலை.

மாப்பிள்ளை: நீங்க ஒரு தடவை நேர்ல பார்த்தா இப்படிப் பேச மாட்டீங்க. அவ்வளவு மரியாதையான மனுஷன். ஆங், சொல்ல மறந்துட்டேன். உங்க முட்டிக்கு சர்ஜரியில இடம் கிடைச்சிடுச்சு.

மாமா: எந்த சர்ஜரி?

மாப்பிள்ளை: டாக்டர் சர்ஜரி. அடுத்த மாசம் 9-ஆம் தேதி.

மாமா: அடுத்த மாசமா? எம்.பி. சர்ஜரியில?

மாப்பிள்ளை: அது இந்த வெள்ளிக்கிழமையே இருக்கு. நாலு மணிக்கு ரெண்டு பேருக்கு இடம் காலியாம்.

மாமா: பேரைக் குடுத்துடுங்க. நான் போய் அவர் முன்னாடி காலை நீட்டி உக்காந்துக்கறேன். பக்கத்துல குனிஞ்சு, முட்டியைப் பார்த்து விரலை நீட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டும்.

மாப்பிள்ளை: மாமா, தொகுதிக்காரங்களை மட்டும்தான் பார்ப்பார். உங்களுக்கு இங்க ஓட்டுக் கிடையாது.

மாமா: அந்தப் பள்ளத்துக்கு இருக்கா?