கோதிக் பேராலயம் என்றாலே வெளியே உதைவளைவுகள் இருக்குமா?

"அந்தரத்தில் சாய்ந்து நிற்கும் உதைவளைவுகள் இல்லாவிட்டால் அது கோதிக் பேராலயமே இல்லை, ஐரோப்பா முழுக்க ஒரே வடிவம்தான்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. கோதிக் என்பது இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி; உதைவளைவு என்பது சுவரை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும் கல் வளைவு.

கல் வளைவுக்கூரை தன் எடையால் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தரைக்கு இறக்க வழி வேண்டும் என்பதே விதி. உதைவளைவு அதற்கான பல வழிகளுள் ஒன்று. வட பிரான்சில் கூரை மிக உயரம்: அமியான் நகரப் பேராலயத்தில் சுமார் 42 மீட்டர். கீழே, நடுக்கூடத்தின் இருபுறமும் தாழ்வான பக்கக்கூடங்கள் இருப்பதால், அவற்றின் தலைக்கு மேலாகத் தாவித்தான் தாங்க முடியும். அதே பகுதியின் பொவே பேராலயத்தில் 48 மீட்டர் வரை போனார்கள். 1284இல் கூரையின் ஒரு பகுதி இடிந்தது.

தென் பிரான்சின் அல்பி பேராலயத்தைப் பாருங்கள். 1282இல் தொடங்கிய செங்கல் கட்டடம். பக்கக்கூடம் கிடையாது. தள்ளலைத் தாங்கும் தடித்த முட்டுச்சுவர்களை உள்ளுக்குள்ளேயே நிறுத்தி, இடைவெளிகளைச் சிற்றாலயங்களாக்கிவிட்டார்கள். வெளியே கோட்டைச்சுவர்தான் தெரியும். ஸ்பெயினின் ஜெரோனாவிலும் இதே உத்திதான். அங்கே நடுக்கூடத்தின் அகலம் ஏறக்குறைய 23 மீட்டர்! உயரத்தை மட்டும் அளந்து கோதிக்கை மதிப்பிடுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இத்தாலியின் புளோரன்ஸ் பேராலயத்தில் தூண்களுக்கிடையே குறுக்காக இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். எல்லா இடத்திலும் ஒரே வடிவம் என்பதும் இல்லை: இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் கூரை சுமார் 25 மீட்டர்தான், நீளமே பிரதானம்.

ஜெர்மனியின் கொலோன் பேராலயம், பிரான்சின் வழியைப் பின்பற்றியதுதான். ஆனால் அது முழுக்க இடைக்காலக் கட்டடமல்ல: 1248இல் தொடங்கி, நூற்றாண்டுகள் நின்றுபோய், 1880இல்தான் முடிந்தது.