ட்ரெயினிங் குடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன?

வேலையில ஒரு தப்பு வந்ததுக்கு ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு. நேத்தே அத பத்தி எழுத ஆரம்பிச்சு பாதியில அழிச்சுட்டேன், கோவத்துல டைப் பண்ணக்கூடாதுன்னு. இன்னைக்கும் கோவம் போகல, அதனால எழுதிடறேன்.

"ட்ரெயினிங் குடுத்தாச்சு, அட்டெண்டன்ஸ்ல கையெழுத்தும் இருக்கு, பிறகு எப்படி தப்பு வரும்?"னு அந்த மெயில்ல கேட்டிருக்காங்க. கையெழுத்து இருக்கு சார், நல்லா அழகா இருக்கு. எங்களுக்கு என்ன தெரியலன்னு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டீங்களா?

புது சாஃப்ட்வேர் வந்தது இந்த மாசம். ட்ரெயினிங் நடந்தது மூணு மாசம் முன்னாடி. அதுவும் சாஃப்ட்வேர திறந்து காட்டல, ஸ்க்ரீன்ஷாட் ஒட்டின ஸ்லைடு, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்லைடு. ரிட்டர்ன் என்ட்ரி எப்படி போடறதுன்னு எங்ககூட வேலை பாக்கற தம்பி எழுந்து கேட்டான். "லைவ் போனதும் பாத்துக்கலாம்"னாங்க. இப்ப தப்பு வந்தது அதே ரிட்டர்ன் என்ட்ரில, மெயில்ல பேர் வந்தது அதே தம்பிக்கு.

எபிங்காஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணிப் பாத்து, திரும்பத் தொடாதது ஒரே நாள்ல பெரும்பாலும் போயிடும்னு 1885லயே எழுதி வச்சுட்டாரு. நாங்க மூணு மாசம் தாங்கணுமாம்.

யாருக்கு என்ன தேவைன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலைன்னு ஹெச்ஆர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். இங்க அது ஒரு எக்ஸல் ஷீட்டு, போன வருஷத்தோடத காப்பி பண்ணி தேதிய மாத்தினா முடிஞ்சுது. ட்ரெயினிங்க எடைபோட கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1959ல நாலு படி சொன்னாரு: ஆளுங்களுக்குப் பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில மாறினாங்களா, அதனால பலன் வந்துச்சா. நாம முதல் படியிலயே, அதுவும் பொய்யா நிக்கறோம். ஃபீட்பேக் ஃபார்ம்ல "அஞ்சுக்கு அஞ்சு போடுங்க, சீக்கிரம் கிளம்பலாம்"னாங்க. போட்டேன். ஆமா நானும்தான் போட்டேன், கமெண்ட்ல வந்து கேக்காதீங்க.

என் முதல் வேலையில ஒரு அக்கா இருந்தாங்க. கிளாஸெல்லாம் எடுக்கல. பக்கத்துல உக்கார வச்சு அவங்களே செஞ்சு காட்டுவாங்க, அப்புறம் என்னைய செய்யச் சொல்லி, ஏன் இப்படி செய்யறேன்னு என் வாயாலயே சொல்ல வைப்பாங்க. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்க ஃபேக்டரிகள்ல புது ஆளுங்களுக்குப் பழக்கினதும் ஏறக்குறைய இதே முறைதான்னு ரொம்ப நாள் கழிச்சுப் படிச்சேன். ஆள் கத்துக்கலன்னா சொல்லிக்குடுத்தவர் சொல்லிக்குடுக்கலன்னு அர்த்தம்னு அங்க ஒரு வாசகமே உண்டு. அந்த அக்காவ யாரும் கடைசிவரைக்கும் ட்ரெயினர்னு கூப்பிடல. சர்டிபிகேட் இல்லையாம். அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க அவங்களுக்கே மேனேஜரா வந்தாங்க, அதுல நானும் ஒருத்தி, இப்ப நினைச்சாலும் ஒரு மாதிரி இருக்கு.

இதையெல்லாம் சொன்னா திருப்பிக் கேக்கறாங்க. "கம்பெனி செலவு பண்ணுது, நீங்க போன் நோண்டினா?" நோண்டறவங்க இருக்காங்க, ஒத்துக்கறேன். "ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்லிக்குடுக்க முடியுமா?" முடியாதுதான், ஆனா கேள்வி கேட்ட ஒருத்தனுக்கு அஞ்சு நிமிஷம் குடுக்க முடியும்ல? "யூடியூப் பாத்துக் கத்துக்க வேண்டியதுதான"ன்னு சொன்ன அண்ணனுக்கு மட்டும் பதில் கிடையாது.

தம்பிக்கு அடுத்த வாரம் ரீஃப்ரெஷர் ட்ரெயினிங் போட்டிருக்காங்க. இன்வைட்ல ஃபைல் இணைச்சிருந்துச்சு, திறந்து பாத்தேன். அதே ஸ்லைடு.