டேங்க் கம்பெனி இளைத்தால் கடலுக்குள் இறங்குகிறவன் மூச்சும் இளைக்கும்

கடலுக்கு அடியில் மூச்சுவிடக் காற்றை அடைத்து முதுகில் மாட்டுகிற ஸ்கூபா டேங்க் செய்யும் கம்பெனி நட்டத்தில் தவிக்கிறது, ஆட்களைக் குறைக்கிறது என்று செய்தி வந்தால், "பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கென்ன" என்று தள்ளிவிடுகிறோம். மண்டபம், கீழக்கரைப் பக்கம் கடலுக்கு அடியில் வேலை பார்க்கிறவர்களோடு பல வருஷமாகப் பழகுகிற எனக்கு அப்படித் தள்ள மனசு வரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பதும், வெளிறிச் செத்த இடத்தில் பவளத் துண்டுகளை நட்டு வளர்ப்பதும் முதுகில் டேங்க் இருப்பதால் நடக்கிற வேலைகள்.

டேங்க் செய்யும் தொழில் திணறுவதற்குக் காரணம் அதன் சரக்கிலேயே இருக்கிறது. நல்ல அலுமினிய டேங்க், பாட்டி காலத்து வெண்கல உருளி மாதிரி. நல்ல தண்ணீரில் கழுவி, காலக்கெடு தவறாமல் சோதனை செய்துவந்தால் இருபது, முப்பது வருஷம் உழைக்கும். வாங்கியவர் மறுபடி கடைப்பக்கம் வரமாட்டார். அதனால்தான் பெரிய சிலிண்டர் கம்பெனிகள் மருத்துவ ஆக்ஸிஜன், தீயணைப்பு என்று மற்ற சிலிண்டர்களையும் சேர்த்துச் செய்து பிழைக்கின்றன. 2020இல் கொரோனா வந்து டைவிங் சுற்றுலா படுத்தது. அப்புறம் அலுமினிய விலை. அமெரிக்கா இறக்குமதி அலுமினியத்துக்கு 2018இல் போட்ட 10 சதவீத வரி, 2025 மார்ச்சில் 25 ஆகி, ஜூனில் 50 ஆனது. கையிருப்பு மெலிந்த கம்பெனி இதையெல்லாம் எப்படித் தாங்கும்?

ஆனால் கஷ்டம் வந்ததும் முதலில் ஆளைக் கழிப்பதை என்னால் ஏற்க முடியாது. பிரான்சில் ஜெர்ஸா என்ற ஊரில் லக்ஸ்ஃபர் நிறுவனத்துக்கு ஒரு ஆலை இருந்தது. ஸ்கூபா டேங்கில் உலகம் அறிந்த பெயர் லக்ஸ்ஃபர். அந்த ஆலையில் ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டரும், தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரும் செய்தார்கள். 2018 நவம்பரில் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். 136 பேருக்கு வேலை போனது. ஆலை லாபத்தில்தான் ஓடுகிறது என்று தொழிலாளர்கள் எவ்வளவோ சொன்னார்கள், கேட்பாரில்லை. 2020 தொடக்கத்தில் ஆலைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து போராடினார்கள். அந்த வசந்தத்திலேயே கொரோனா பரவி, ஐரோப்பா ஆக்ஸிஜனுக்கு அலைந்தது. அரசே ஆலையை எடுத்து நடத்தட்டும் என்று அவர்கள் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. சிலிண்டர் செய்யத் தெரிந்த அத்தனை கைகளும் வேலையில்லாமல் வெளியே நின்றன.

அந்தக் கைவேலை லேசானதில்லை. திட அலுமினியக் கட்டியைப் பெரிய பிரஸ்ஸில் குத்தி நெடுங்கிண்ணமாக்கி, வாயைச் சூட்டில் குவித்துக் கழுத்தாக்கி, வெப்பத்தில் பதப்படுத்தி, மரை வெட்டுகிறார்கள். நிரப்பும் அழுத்தம் பொதுவாக 207 பார், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல சுமார் 200 மடங்கு. கம்பெனியை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு டேங்கிலும் தண்ணீர் நிரப்பி 345 பார் வரை ஏற்றிப் பார்க்கவேண்டும். சோதனை மேடையில் நிற்கும் அனுபவஸ்தரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திவிட முடியாது. எங்கோ மிச்சம் பிடித்த அந்தச் சம்பளத்துக்கான ஆபத்தை இங்கே குருசடைத் தீவுப் பக்கம் முங்குகிறவன் சுமப்பான்.

கம்பெனி சுருங்கினால் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2016ஆம் வருஷ வாயு சிலிண்டர் விதிகளின்படி, பெசோ என்கிற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி இல்லாத சிலிண்டரை இந்தியாவில் இறக்குமதி செய்யக்கூடாது, நிரப்பவும் கூடாது. அனுமதி பெற்ற ரகம் உற்பத்தியிலிருந்து போய்விட்டால், வேறு கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டும். அதுவரை விலை ஏறும்.

டேங்க் கைக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் சங்கு குளிக்கிறவர்கள் ஏற்கெனவே அனுபவிக்கிறார்கள். படகில் கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். என்ஜின் புகை காற்றோடு கலந்தால் மயக்கம், சாவு. டேங்கில் காற்று தீர்வதால் ஆள் மேலே வந்தே ஆகவேண்டும். குழாயில் தீராது. மணிக்கணக்கில் கீழேயே கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் மூட்டு வலி, கை கால் முடக்கம். இவர்களுக்கு மீன்வளத்துறை மானியத்தில் டேங்கும் முறையான பயிற்சியும் தரவேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே ஒரு டேங்க் சோதனைக்கூடம் வேண்டும், இப்போது எங்களைப் போன்றவர்கள் டேங்கை வெளியூருக்கு லாரியில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறோம். அரசே வருஷா வருஷம் இவ்வளவு டேங்க் எடுப்போம் என்று உறுதி சொன்னால், இந்தியாவில் சிலிண்டர் செய்கிற கம்பெனிகளுக்கும் இதில் இறங்கத் தைரியம் வரும்.

கடைசியாக, விலை ஏறுவதால் பழைய டேங்க் தேடுகிற தம்பிகளுக்கு. டேங்க் தோள்பட்டையில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். லக்ஸ்ஃபர் தன் அமெரிக்க ஆலையில் 1988இல் 6351 ரக அலுமினியத்தை விட்டு 6061க்கு மாறியது. பழைய ரகத்தில் கழுத்து மரைப் பக்கம் மயிரிழை விரிசல் விழுந்து, நிரப்பும்போது சில டேங்குகள் வெடித்திருக்கின்றன. அந்தக் கால டேங்க் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் மின்காந்தத்தால் காட்டிக்கொடுக்கும் எடி கரன்ட் கருவியால் கழுத்தைச் சோதிக்காமல் ஒருமுறைகூட நிரப்பாதீர்கள்.