வேலிக்கு அப்பால் நின்ற மரங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய படத்தை இதே பக்கத்தில் பகிர்ந்திருந்தேன். முகத்தை மூடிய நான்கு துவாரெக் ஆண்கள் (சஹாராவின் நாடோடி இனத்தவர்), மண்டியிட்டிருக்கும் ஓர் ஒட்டகம், பின்னால் ஒரு தோல் கூடாரம். "சஹாராவின் நீல மனிதர்கள், அரிய படம்" என்று மேலே எழுதியிருந்தேன். விருப்பக்குறிகள் குவிந்தன, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சென்ற வாரம் வேறு எதையோ தேடப் போய் அதே படத்தின் தெளிவான பிரதி கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தபோது, கூடாரத்துக்குப் பின்னால் இலையடர்ந்த உயரமான மரங்கள் நிற்பதும், அவற்றுக்கு முன்னே இடுப்பளவில் ஒரு வேலி ஓடுவதும், வேலிக்கு அப்பால் வைக்கோல் தொப்பி அணிந்த ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தன. அது பாலைவனமே இல்லை. நான் பகிர்ந்திருந்த பிரதியில் ஓரங்களை யாரோ வெட்டியிருந்தார்கள்.

அந்த இடம் பாரிஸின் கிழக்கு எல்லையில், வென்சேன் காட்டின் ஓரத்தில், நோஜான்-சூர்-மார்ன் பகுதியில் இருக்கிறது. காப்பி, கொக்கோ, ரப்பர் போன்ற பயிர்களின் நாற்றுகளை வளர்த்துத் தன் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதற்காக 1899இல் பிரான்ஸ் அங்கே ஒரு வெப்பமண்டல வேளாண் தோட்டத்தை நிறுவியது. 1907 மே முதல் அக்டோபர் வரை அதே தோட்டத்தில் காலனியக் கண்காட்சி நடந்தது. நாற்றுக்கென அமைத்த வளாகத்தில் இந்தோசீனக் கிராமம், காங்கோ கிராமம், துவாரெக் முகாம் என்று மனிதர்களையும் பாத்தி பிரித்து அமர்த்தினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீட்டு வாங்கி வந்து பார்த்துப் போனார்கள்.

துவாரெக் மக்களைப் பார்க்க ஏன் அவ்வளவு ஆவல் என்பதற்கு அதற்கு முந்தைய ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். சஹாராவின் குறுக்கே ரயில் பாதைக்கு வழி பார்க்கப் போன கர்னல் ஃபிளாத்தேர்ஸின் குழுவை 1881இல், சஹாராவின் நடுவே உள்ள அஹக்கார் மலைப்பகுதியின் துவாரெக்குகள் அழித்தார்கள். அந்த அதிர்ச்சி பிரெஞ்சு நாளேடுகளிலும் பாடப்புத்தகங்களிலும் நீண்ட காலம் பேசப்பட்டது. 1902 மே 7ஆம் நாள், தித் என்ற இடத்தில் லெப்டினன்ட் கொத்தனே தலைமையிலான சிறு படை அஹக்கார் துவாரெக்குகளைத் தோற்கடித்தது. வாளும் ஈட்டியும் துப்பாக்கிகளை எதிர்கொண்ட சண்டை அது. ஐந்தே ஆண்டுகளில் அந்த இனத்தின் பெயர் ஒரு வேலிக்குள் வந்துவிட்டது. அச்சுறுத்திய ஒன்றை அடக்கிவிட்டோம் என்று நகரத்து மக்களுக்குக் காட்டும் வெற்றி விழாவாகத்தான் அந்த முகாமை நான் பார்க்கிறேன்.

நம் கைக்கு வந்து சேரும் படங்களில் பெரும்பாலானவை அப்போது விற்ற அஞ்சலட்டைகள். 1903ஆம் ஆண்டின் இறுதியில்தான் அட்டையின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத பிரெஞ்சு அஞ்சல் துறை அனுமதித்தது. அதனால் முன்பக்கம் முழுவதும் படத்துக்கே கிடைத்தது. சில காசுகளுக்கு ஒரு முகாமை வாங்கி, அத்தைக்கு அனுப்பிவிடலாம். ஆயிரக்கணக்கில் அச்சான அட்டை எப்படி 'அரிய படம்' ஆகும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் படங்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது தகெல்முஸ்த் என்ற அந்த முகத்துணி. துவாரெக் சமூகத்தில் முகத்தை மூடுபவர்கள் ஆண்கள்; பெண்கள் மூடுவதில்லை. அன்னியர் முன்னும் பெரியவர்கள் முன்னும் வாயைக் காட்டுவது ஓர் ஆணுக்கு மரியாதைக் குறைவு. அவுரி தோய்த்து, பளபளக்கும் வரை அடித்தெடுத்த அந்தத் துணியின் சாயம் தோலில் ஒட்டுவதால்தான் 'நீல மனிதர்கள்' என்ற பெயரே வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நீலம் வெறும் கறுப்பாகிவிட்டது. ஆனால், காசு கொடுத்து உள்ளே வந்த கூட்டத்துக்கும் புகைப்படக்காரருக்கும் ஒரு கோடளவு கண்களைத் தவிர அந்த ஆண்கள் எதையும் கொடுக்கவில்லை. அதைத் திட்டமிட்ட எதிர்ப்பு என்று சொல்லிவிட நான் தயாராக இல்லை. அது அவர்களுடைய வழக்கம், அவ்வளவுதான். ஆயினும் அந்த வழக்கம் வேலிக்குள்ளும் அவர்களைக் கைவிடவில்லை.

கூடாரத்துக்கும் இதே கதிதான். துவாரெக்குகளிடம் கூடாரம் பெண்ணின் உடைமை. திருமணத்தின்போது அவளுடன் வருவது. எஹென் என்ற ஒரே சொல் கூடாரத்தையும் திருமணத்தையும் குறிக்கிறது. அட்டையிலோ அது ஆண்களுக்குப் பின்னால் தொங்கும் நாடகத் திரை.

கூலி வாங்கிக்கொண்டுதானே வந்தார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இத்தகைய கண்காட்சிகளில் ஒப்பந்தமும் கூலியும் இருந்ததை நான் மறுக்கவில்லை. என் மனக்குறை வேறு. 1910இல் அஹக்காரின் அமெனோகால், அதாவது தலைவர், மூசா அக் அமஸ்தான் பிரான்சுக்கு வந்தார். பிரான்சோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்பதால் வரலாற்றில் அவர் பெயரோடு நிற்கிறார். முகாமில் நின்றவர்களின் அட்டையிலோ இனப்பெயர் மட்டும்தான். அந்த இனப்பெயரும் அயலார் வைத்தது. அவர்கள் தங்களை இமுஹார் என்றும், தமாஷெக் பேசுவோர் என்ற பொருளில் கெல் தமாஷெக் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது நமக்கும் தொலைவான கதை அல்ல. 1902இல் பாரிஸின் இன்னொரு தோட்டமான ஜார்தன் தாக்லிமத்தாசியோனில் 'மலபார்கள்' என்ற பெயரில் தென்னிந்தியர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். தமிழர்களையும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ரெயூனியன் தீவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது.

அப்படங்களை மறைத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகம் 2011இல் இவற்றைத் திரட்டி, எங்கே, எப்போது, யாருக்காக எடுக்கப்பட்டவை என்று சொல்லியே காட்டியது. நாமோ ஓரத்தை வெட்டுகிறோம், செயலியில் போட்டு வண்ணம் ஏற்றுகிறோம், வேலி காணாமல் போய்விடுகிறது, மரங்கள் மணலாகிவிடுகின்றன. அன்றைய அட்டைக்காரர்கூட வேலியை விட்டு வைத்திருந்தார்.

என் பழைய பதிவை நீக்கவில்லை. முழுப் படத்தை இட்டு, வாசகத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்: "நோஜான்-சூர்-மார்ன், பிரான்ஸ், 1907. காலனியக் கண்காட்சியின் துவாரெக் முகாம். நிற்பவர்களின் பெயர்கள் அட்டையில் இல்லை. வேலிக்கு வெளியே இருப்பவர் பார்வையாளர்."