ஸ்போர்ட்ஸ் காருக்கு நேவிகேஷன்: தயவுசெய்து டேஷ்போர்டை வெட்டாதீர்கள்

பழைய இரண்டு சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிற பையன்கள் இப்போது நம்ம வடசென்னையிலும் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் கார் வயரிங் வேலை செய்கிற என்னிடம் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, கம்பெனி நேவிகேஷன் இருக்கிற வண்டியாப் பார்த்து வாங்கவா, இல்ல வெளியே மாட்டிக்கவா?" நேவிகேஷன் இருக்கிறது என்று சொல்லி விற்கிறவர் விலையை ஏற்றுகிறார், பையன்களும் கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்வது, போனை ஹோல்டரில் வெளியே மாட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி நேவிகேஷனுக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

காரணம், இந்த மாதிரி வண்டியை யாரும் ஐந்து வருஷத்தில் கழித்துக்கட்டுவதில்லை. ஆசைப்பட்டு வாங்கியவன் பதினைந்து, இருபது வருஷம் வைத்திருப்பான். வண்டிக்குள் இருக்கிற மேப் அவ்வளவு நாள் தாங்காது. ஜிபிஎஸ் நேவிகேஷனை உள்ளேயே பொருத்தி வந்த முதல் காரே ஒரு ஸ்போர்ட்டி கூப்பேதான், 1990-ல் வந்த மாஸ்டா யூனோஸ் காஸ்மோ. அதன் மூன்று ரோட்டர் இன்ஜினைப் பற்றி இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், அந்தத் திரையை நம்பி வழி தேடுகிறவர் யார்?

என்னிடம் வந்த ஒரு ஜெர்மன் வண்டி. இன்ஜின் சுத்தம், பெயின்ட் பளபளப்பு, திரையும் நன்றாகவே எரிகிறது. ஓட்டிப் பார்க்க வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனோம். 62 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை, அந்த மேப்பில் அது இல்லவே இல்லை. அம்புக்குறி வயல் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இருக்கிற ஏதோ கிராமத்துச் சாலைக்குத் தாவுகிறது, திரும்ப வயலுக்கே வருகிறது, நடுநடுவே "திரும்பிச் செல்லவும்" என்று குரல் வேறு. அப்டேட் கேட்டால் அந்த மாடலுக்குப் புது மேப் வருவதில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்களாம்.

மேப் மட்டும் பிரச்சினை என்றால்கூடப் பரவாயில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்புகிற வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், அதாவது இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி ஆனது. சாஃப்ட்வேர் அப்டேட் கிடைக்காத பழைய நேவிகேஷன் பெட்டிகளில் தேதி பின்னோக்கிப் போய் நிற்பது இதனால்தான். போனில் இது ஒரு பிரச்சினையே இல்லை, அது தானாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும்.

அப்புறம் நம்ம ஏரியா. மாதவரத்திலிருந்து மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து மூலக்கடை, பெரம்பூர், ஓட்டேரி பக்கம் எந்தத் தெரு எப்போது ஒருவழி, எது அடைப்பு என்று அங்கே குடியிருப்பவர்களே கேட்டுத்தான் போகிறார்கள். மழை வந்தால் கணேசபுரம் சப்வேயில் தண்ணி தேங்கிவிடும். தரையோடு தரையாக இருக்கிற வண்டி, காற்று இழுக்கிற குழாய் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும், இன்ஜினுக்குள் தண்ணி போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், செலவு லட்சத்தில். அந்த வழி அடைப்பு என்று அன்றைக்கே சொல்லக்கூடியது போனில் இருக்கிற மேப்தான். டிஸ்க்கில் பதிந்து வந்த மேப்புக்கு எப்படித் தெரியும்?

கம்பெனி நேவிகேஷனில் நல்லது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, இடத்தைச் சரியாகக் கணக்கிட நான்கு செயற்கைக்கோளாவது கண்ணில் பட வேண்டும். சப்வேக்குள் போனால் சிக்னல் செத்துவிடும். கம்பெனி பெட்டி சக்கரம் எவ்வளவு சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து அந்த இடைவெளியைத் தானே கணக்குப்போட்டு நிரப்பிவிடும். ஆன்டெனா பெரும்பாலும் வெளியே கூரையில் இருக்கும். வழி சொல்லும்போது பாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், சைலன்சர் சத்தத்துக்கு மேல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் பேசின் பிரிட்ஜ் பக்கம் கொஞ்ச தூரம் அம்பு நின்றால் ஒன்றும் ஆகிவிடாது. இல்லாத சாலையை எந்தக் கணக்கும் கொண்டுவராது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இந்த மாதிரி வண்டி ஓட்டியவர்களுக்கு இன்னொன்று தெரியும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர் பக்கத்தில் நின்றால் உங்கள் கண்ணுக்கு நேரே தெரிவது அதன் சக்கர நட்டுதான். வழிகாட்டிப் பலகை, அடுத்த சிக்னல் எதுவும் தெரியாது. அதனால் எந்த லேனில் போவது என்பதைத் திரைதான் சொல்ல வேண்டும், திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பெனி திரை கியருக்கு மேலே தாழ்வாக இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கீழே பார்த்தால் வண்டி 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அது ஒரு டிரெய்லரின் முழு நீளம்.

சரி, எப்படி மாட்டுவது? நம்ம வெயிலில் கண்ணாடியில் ஒட்டுகிற மலிவான ரப்பர் கப் தாங்காது, இறுக்கமான சஸ்பென்ஷனில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி ஆடி மடியில் வந்து விழும். வட்டமான ஏசி வென்ட்டில் கிளிப் போட்டால் உள்ளே இருக்கிற மெல்லிய தகடு உடையும். டேஷ்போர்டு பேனலில் ஏற்கெனவே இருக்கிற ஸ்க்ரூவிலேயே பிடித்து நிற்கிற சின்ன பிராக்கெட் செய்து, ஸ்டீயரிங்குக்கு வலதுபுறம், கண்ணாடியின் கீழ் மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏர்பேக் திறக்கிற இடத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். போனைக் கையில் பிடித்தபடி பார்ப்பதும் வேண்டாம். 2020 அக்டோபரில் வந்த விதித்திருத்தம் வழி பார்ப்பதற்கு மட்டும் கையடக்கக் கருவியை அனுமதிக்கிறது, அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதபடி.

உலோகப் பூச்சு உள்ள வெப்பத்தடுப்புக் கண்ணாடி என்றால் போனுக்கு சிக்னல் மந்தமாக வரும். ஃபாஸ்டேக் படிக்காமல் டோலில் மாட்டிக்கொள்வதும் இதே பூச்சால்தான். அந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலும் ரியர்வியூ மிர்ரர் பக்கத்தில் பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள், போனோடு புளூடூத்தில் இணைகிற சின்ன ஜிபிஎஸ் ரிசீவரை அங்கே ஒட்டலாம்.

வயரிங்கில் ஒன்று மட்டும் விடாமல் பாருங்கள். சார்ஜருக்குச் சாவி போட்டால்தான் கரன்ட் வருகிற ஃபியூஸிலிருந்து லைன் எடுங்கள். இந்த வண்டிகள் வாரக்கணக்கில் கவர் போட்டு நிற்பவை, எப்போதும் உயிரோடு இருக்கிற லைனில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி இறங்கிப் போயிருக்கும். வயரை கியர் மேலே தொங்கவிடாமல் பேனலுக்குள் விட்டு எடுங்கள். பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் அந்தப் பகுதி மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துகொண்டால் டவர் போனாலும் வழி போகாது.

போன் மேப்பை வண்டித் திரையிலேயே காட்டுகிற ஆண்ட்ராய்ட் ஆட்டோவோ கார்ப்ளேயோ வண்டியில் ஏற்கெனவே இருந்தால் எதுவுமே வாங்க வேண்டாம், கேபிள் போதும். பழைய ஸ்டீரியோவைக் கழற்றி அதே அளவில் புதுத் திரை போடுவதும் நல்ல வேலைதான், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும், பழைய செட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஆனால் அளவு பொருந்தவில்லை என்று கடைக்காரர் பிளேடை எடுத்தால் உடனே நிறுத்துங்கள். அந்த டேஷ்போர்டு திரும்பக் கிடைக்காது, கிடைத்தாலும் நீங்கள் வாங்கிய திரையைவிடப் பல மடங்கு விலை. வெட்டின டேஷ்போர்டோடு வருகிற வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நிறுத்திவிட்டு இறங்கும்போது போனோடு ஹோல்டரையும் கழற்றி டிக்கியில் போடுங்கள். காலி ஹோல்டரைப் பார்த்தாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள், இந்த வண்டிகளுக்குக் கதவுக் கண்ணாடி ஆர்டர் போட்டு வர மாதக்கணக்கில் ஆகும்.