கையை எங்கே வைப்பது?

கல்யாண வீட்டில் நான் ஒருநாளும் திருதிருவென்று முழித்ததில்லை. உள்ளே போனதும் யாராவது ஒரு வேலை சொல்லிவிடுவார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்று, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நில், மொய் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கவரைப் பிரி. எதுவும் இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவராவது இருப்பார், அவரைச் சமாதானம் செய்யப் போகலாம். பார்ட்டியில்தான் இந்த இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. நம் ஆட்கள் பார்ட்டியில் அசடு வழிவதற்குக் கூச்சம், ஆங்கிலம் என்று ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். அங்கே நமக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை, அவ்வளவுதான் என்பது என் கட்சி.

எண்பதுகளின் விருதுநகரில் பிறந்தநாள் என்றால் எண்ணெய்க் குளியல், கோயிலில் ஒரு அர்ச்சனை, வகுப்பில் ஆரஞ்சு மிட்டாய். எங்கள் தெருவுக்கு மாற்றலாகி வந்த ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில்தான் முதன்முதலாக பர்த்டே பார்ட்டி பார்த்தேன். ஒரு பாக்கெட் ரஸ்னாவில் 32 கிளாஸ் வரும் என்பது அந்தக் கால விளம்பரம். அந்த வீட்டம்மா அறுபதாவது தேற்றியிருப்பார், நிறம் மட்டும் நாக்கில் ஒட்டியது. மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்த பையனை அவன் பாட்டி பிடித்து இழுத்து, "விளக்க வாயால ஊதப்பிடாதுடா" என்றார். கடைசியில் விசிறி மட்டையால் அணைத்தார்கள், கேக் மேலிருந்த க்ரீம் ரோஜா சாய்ந்துவிட்டது. பாட்டு அதைவிட மோசம். மூன்றாவது வரியில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒருவர் பள்ளிப் பெயரைப் பாட, இன்னொருவர் குட்டி என்று பாட, தெருப் பையன்கள் நாங்கள் மொத்தமாக முணுமுணுத்துவிட்டு கடைசி வரியில் ஓங்கிக் கத்தினோம். இன்றைக்கும் அந்த வரியில் நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். பரிசாக அவனுக்குப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள் வந்து குவிந்தன. எட்டு வயதுப் பையனுக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்!

கல்லூரி விடுதியில் கணக்கே தலைகீழ். மொய் வாங்க வேண்டியவன் நள்ளிரவில் தலையில் முட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் எல்லோருக்கும் பரோட்டாவும் வாங்கித் தரவேண்டும். ஃபேர்வெல்லுக்கு வாடகைக் கோட். ஏப்ரல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த குரூப் போட்டோவில் எல்லோரும் ஜாமீன் கேட்டு நிற்பவர்கள் மாதிரி இருக்கிறோம்.

வேலைக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட், வருடாந்தர டீம் பார்ட்டி. டிஜே ஆங்கிலப் பாட்டு போட்டார். வட்டமாக நின்று கைதட்டிக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் கைவைத்து நடுவே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் ஆடவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவர் குத்துக்கு மாற்றினார். பட்ஜெட் கூட்டத்தில் சிரித்தே பார்த்திராத எங்கள் ஃபைனான்ஸ் மேலாளர் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார் பாருங்கள்! கோயில் கொடையில் ஆடிப் பழகிய கால், லேசில் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை லிஃப்டில் அவரும் நாங்களும் தரையைப் பார்த்தபடியே மேலே போனோம்.

அங்கேயும் நிம்மதியாக இருந்தது ஜூஸ் கோஷ்டிதான். கிளாஸ் நிரம்புவதற்குள் சிக்கன் 65 தட்டைக் காலி செய்வார்கள். அப்புறம் அழுபவனுக்குத் தோள் கொடுப்பது, செருப்பைத் தேடித் தருவது, வண்டி ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிட்டு, கதவைத் திறப்பவரிடம் "ஃபுட் பாய்சன் அண்ணி" என்று சொல்வது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கை நிறைய வேலை. அசடு வழிய நேரமேது?

2020 ஊரடங்கில் ஜூமில் ஒரு பிறந்தநாள் வந்தது. ஆளுக்கொரு நொடி பிந்திப் பாடியதில் பாட்டு முடியவே இல்லை. ஆனால் ஒன்று, கை ஸ்கிரீனுக்கு வெளியே இருந்தது. அந்த வகையில் நான் போன பார்ட்டிகளிலேயே அதுதான் உத்தமம்.

இப்போது குழந்தைகளின் முதல் பிறந்தநாளுக்கே மைக் பிடித்த ஆள் வந்துவிடுகிறார். குழந்தை தூங்கிவிடும். அவர் விடமாட்டார், "அங்கிள்ஸ் எல்லாம் ஸ்டேஜுக்கு வாங்க" என்பார். வழுக்கை விழுந்த நாலு பேர் மியூசிக்கல் சேர் ஓடுவோம். பந்தி பரிமாறவாவது விடுவார்களா என்று பார்த்தால், எல்லாம் பஃபே.

இந்த டிசம்பர் 31க்கு எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் டிரஸ் கோட் வந்திருக்கிறது: பிளாக் அண்ட் கோல்ட். என்னிடம் தங்க நிறத்தில் இருப்பது வேட்டியின் ஜரிகைக் கரை மட்டும்தான். கருப்புச் சட்டையோடு அதைக் கட்டிக் காட்டினேன். வீட்டுக்காரம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறாள், "எங்க கிளம்பிட்டீங்க, சபரிமலைக்கா, பெரியார் திடலுக்கா?"